பீப் சத்தம் வந்தால் பொத்தானை அழுத்து என்று மட்டும் சொல்லித்தராதீர்கள்

ரயில் சிமுலேட்டர் கேம்களில் வரும் பாதுகாப்பு முறைகளைக் கற்றுக்கொள்வது, கற்றுக்கொடுப்பது பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. பாதிக்கு மேல், டிரைவர் சிக்னலை மீறாதபடி கண்காணித்து, தேவைப்பட்டால் தானே பிரேக் பிடிக்கும் ஜெர்மனியின் பிஇசட்பி முறை பற்றியவை. அதனால் அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

டிரெயின் சிம் வேர்ல்டில் ஜெர்மன் தடம் ஒன்று வாங்கினேன். பிஇசட்பியை ஆன் செய்துவிட்டுக் கிளம்பினால் அரை கிலோமீட்டர் போவதற்குள் வண்டி தானாகவே பிரேக் பிடித்து நின்றுவிடுகிறது. எதிரே சிக்னல் பச்சைதான். கேமில் கோளாறா?
_கோவை வாசகர்_

கோளாறு எதுவும் இல்லை, பிஇசட்பி சரியாக வேலை செய்கிறது. ஆன் செய்த நிமிடத்தில், கடைசியாகக் கடந்த சிக்னல் என்ன காட்டியது என்று அதற்குத் தெரியாது. தெரியாதபோது மோசமானதையே எதிர்பார்க்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள். ஆகவே 45 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடுதான் அது தொடங்கும். கேபில், அதாவது டிரைவர் அறையில், 70, 85 என்று எழுதிய நீல விளக்குகள் இரண்டும் மாறி மாறி மின்னிக்கொண்டிருக்கும், பாருங்கள். நீங்கள் 50-ஐத் தொட்டிருப்பீர்கள், அது பிடித்துவிட்டது.

எதிரே பச்சை என்று உங்கள் கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகு ஃப்ரை என்ற விடுவிப்புப் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். மின்னுவது நிற்கும், அப்புறம் தாராளமாக வேகமெடுக்கலாம். ஏற்கெனவே பிரேக் பிடித்துவிட்டால் வண்டி முழுதாக நிற்கட்டும், அப்புறம் ஃப்ரை, அதன்பின் பிரேக்கை விடுவிப்பது. ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்லாப் பொத்தான்களையும் தட்டிப் பார்ப்பதில் பலன் இல்லை.

500, 1000, 2000 ஹெர்ட்ஸ், மூன்று பொத்தான்கள், அரை டஜன் விளக்குகள், ஒவ்வொரு வகை வண்டிக்கும் வேறு வேறு வேகம். அட்டவணையைப் பிரின்ட் எடுத்துப் படித்தும் மண்டையில் ஏறவில்லை. சுருக்கமாகப் புரியவைக்க முடியுமா?
_மதுரை வாசகி_

அட்டவணையிலிருந்து ஆரம்பித்ததுதான் சிக்கல். அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, சிவப்பு சிக்னலை நோக்கி 160 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ரயில் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்திலிருந்து நிற்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வேண்டும். சிவப்பைக் கண்ணால் பார்த்த பிறகு பிரேக் போட்டால் நடக்காது. அதனால்தான் ஜெர்மனியின் முக்கியத் தடங்களில் பொதுவாக 1,000 மீட்டர் முன்னாலேயே, அடுத்தது சிவப்பு என்று சொல்லும் முன்னறிவிப்பு சிக்னல் ஒன்று இருக்கும். ஆபத்து எங்கே இருக்கிறது? டிரைவர் அதைக் கவனிக்காமல் போய்விடலாம். கவனித்துவிட்டு மறந்துபோகலாம். பிரேக் பிடித்தும் போதாமல் போகலாம். இந்த மூன்றையும் பிஇசட்பி மூன்று இடங்களில் பிடிக்கிறது.

முன்னறிவிப்பு சிக்னலின் காலடியில் 1000 ஹெர்ட்ஸ் காந்தம். பார்த்தாயா என்று அது கேட்கிறது. 4 விநாடிக்குள் வாக்ஸாம் பொத்தானை அழுத்தினால் 'பார்த்துவிட்டேன்' என்று பதில் சொன்னதாகும், மஞ்சள் விளக்கு எரியும். அதோடு விட்டுவிடாது. வேகப் பயணி ரயில் என்றால் அடுத்த 23 விநாடிக்குள் 85-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். சொன்னாயே, செய்தாயா என்று பார்க்கிறது. அடுத்து, சிவப்புக்கு 150 முதல் 250 மீட்டர் முன்னால் 500 ஹெர்ட்ஸ் காந்தம். இதற்குப் பொத்தானே கிடையாது, உங்கள் வேகம்தான் பதில். அதே வேக ரயில் அந்த இடத்தில் 65-க்கு மேல் இருந்தால் உடனே பிரேக் விழும். அங்கிருந்து 153 மீட்டருக்குள் 45-க்கு வந்தாக வேண்டும். கடைசியாக, சிவப்பு சிக்னலிலேயே 2000 ஹெர்ட்ஸ். இங்கே கேள்வி கேட்பதெல்லாம் இல்லை. கடந்தால் எமர்ஜென்சி பிரேக், அவ்வளவுதான்.

இது புரிந்துவிட்டால் அட்டவணையில் பாக்கி இருப்பது சுலபம். கனமான சரக்கு ரயிலுக்குப் பிரேக் பலம் குறைவு, ஆகவே 85 என்பது 55 ஆகிறது. கால அவகாசம் 23 விநாடி என்பது 38 ஆகிறது. நடுத்தர வண்டிக்கு 70, 29. மூன்றாவது பொத்தான் பெஃபேல். சிவப்பைத் தாண்டிப் போகலாம் என்று நிலையக் கட்டுப்பாட்டாளர் முறைப்படி உத்தரவு கொடுத்தால் மட்டும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு 40 வேகத்துக்குள் கடக்கலாம். கற்றுக்கொள்ளும் காலத்தில் அதன் பக்கம் கையே போகக் கூடாது.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும், எனக்கு இந்த அமைப்பில் மிகவும் பிடித்தது அதுதான். தண்டவாளத்தின் ஓரத்தில் இருக்கும் அந்தக் காந்தத்துக்கு மின்சாரம் கிடையாது. இன்ஜினில் இருக்கும் சுருள் அதன்மேல் கடக்கும்போது அந்த அலைவரிசையில் ஒத்ததிர்வு ஏற்படுகிறது, அதைத்தான் இன்ஜின் உணர்கிறது. சிக்னல் பச்சையாகும்போது ஒரு மின் தொடர்பு அந்தக் காந்தத்தைச் செயலிழக்கச் செய்கிறது. அந்தக் கம்பி அறுந்துபோனால்? காந்தம் செயலிழக்காது, ரயிலைத் தடுக்கும். பழுது ஏற்பட்டாலும் வண்டி நிற்கும் பக்கமே சாயும்படி 1930-களிலேயே யோசித்து அமைத்திருக்கிறார்கள். யாருக்காவது பிஇசட்பி சொல்லித்தருவதாக இருந்தால் பொத்தான்களுக்கு முன்னால் இதைச் சொல்லுங்கள்.

என் அண்ணன் மகனுக்கு 13 வயது. ரயில் என்றால் உயிர். பாதுகாப்பு முறைகளை ஆன் செய்தால் பயந்துபோய் கேமையே மூடிவிடுகிறான். எந்த வரிசையில் சொல்லிக்கொடுப்பது?
_திருச்சி வாசகர்_

முதலில் எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிடுங்கள். பிரேக்கிலிருந்து தொடங்குங்கள். ஒரே ரயில், ஒரே தடம், 100 வேகத்திலிருந்து பிளாட்பாரத்தில் சரியான இடத்தில் நிறுத்துவது மட்டும்தான் பாடம். எவ்வளவு முன்னால் பிரேக் பிடிக்க வேண்டும் என்பது கைக்குப் பழகாத பிள்ளைக்கு பிஇசட்பி வைக்கும் வேக வரம்புகள் வெறும் தண்டனையாகத்தான் தெரியும். பிரேக் பழகிய பிள்ளைக்கோ, நியாயமாகப் பிரேக் பிடிக்கிறவனை இது தொந்தரவே செய்வதில்லையே என்பது தானாக விளங்கும். ஸ்டாப்பிங் வண்டி எடுத்துக்கொள்ளுங்கள். லைப்சிக் நகரின் எஸ்-பான் என்ற புறநகர் ரயில் தடம் டிரெயின் சிம் வேர்ல்டில் இருக்கிறது. அடிக்கடி நின்று கிளம்புவதால் பழக நல்ல தடம்.

இரண்டாவது, சிக்னலை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். இது கேமுக்காக நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. நம் ரயில்களில் லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் ஒவ்வொரு சிக்னலையும் ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்வது விதி. ஜப்பானில் விரலால் சுட்டிக்காட்டியும் சொல்வார்கள். பையன் லோகோ பைலட், நீங்கள் உதவியாளர். அவன் "மஞ்சள்" என்றால் நீங்களும் பார்த்துவிட்டு "மஞ்சள்" என்று சொல்லுங்கள். திரையில் அடுத்த சிக்னலின் நிறத்தையும் தூரத்தையும் எழுதிக் காட்டும் உதவிக் குறிப்பை இந்தக் கட்டத்தில் அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை கண் ஜன்னலுக்குப் போகவே போகாது.

இந்த இரண்டும் ஓரளவு வந்த பிறகு பிஇசட்பி. முதல் நாள் ஒரே வேலைதான்: வேண்டுமென்றே மாட்டிக்கொள்வது. முன்னறிவிப்பு சிக்னலைக் கடக்கும்போது பொத்தானை அழுத்தாமல் விடச் சொல்லுங்கள். என்ன நடக்கிறது பார்க்கட்டும். அடுத்த ஓட்டத்தில் அழுத்திவிட்டு வேகத்தைக் குறைக்காமல் போகட்டும். அதற்கடுத்து சிவப்பைத் தாண்டட்டும். மூன்று விதமாகவும் நின்ற பிறகு, ஒவ்வொரு முறையும் ஏன் நின்றது என்று அவனையே சொல்ல விடுங்கள். எமர்ஜென்சி பிரேக் விழுந்தால் தோற்றுவிட்டோம் என்ற நினைப்புதான் பயத்துக்குக் காரணம். பிரேக் விழுந்ததால் மோதல் தவிர்ந்தது என்று பார்த்துவிட்டால் அந்தப் பயம் போய்விடும்.

சிஃபாவைக் கடைசியில் சேருங்கள். டிரைவர் சுயநினைவோடு இருக்கிறாரா என்று பார்க்கும் பெடல் அது. 30 விநாடிக்கு ஒருமுறை விட்டு அழுத்த வேண்டும். மறந்தால் முதலில் விளக்கு, இரண்டரை விநாடியில் சத்தம், இன்னும் இரண்டரை விநாடியில் பிரேக். புரிந்துகொள்ள மிக எளிது, ஆனால் வேறெதுவும் பழகாத நிலையில் கவனத்தையெல்லாம் அது ஒன்றே விழுங்கிவிடும்.

மஞ்சள் விளக்கு அணைந்ததும் ஃப்ரை அழுத்தி வேகமெடுக்கிறேன். சில சமயம் சரியாக இருக்கிறது, சில சமயம் சிறிது தூரத்தில் எமர்ஜென்சி பிரேக் விழுகிறது. அதிர்ஷ்டம்தானா?
_சென்னை வாசகர்_

1000 ஹெர்ட்ஸ் காந்தத்தைக் கடந்து 700 மீட்டரில் மஞ்சள் விளக்கு அணையும், அப்போது விடுவித்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் கண்காணிப்பு 1,250 மீட்டர் வரை உள்ளுக்குள் உயிரோடுதான் இருக்கும். எதிரே சிக்னல் பச்சையாகிவிட்டது என்று பார்த்துவிட்டு ஃப்ரை அழுத்தினால் ஒன்றும் ஆகாது. பார்க்காமல், விளக்கு அணைந்துவிட்டதே என்று அழுத்தினால், சிக்னல் இன்னும் சிவப்பாக இருக்கும் பட்சத்தில் அந்த 500 ஹெர்ட்ஸ் காந்தம் காத்துக்கொண்டிருக்கும். விடுவித்துக்கொண்ட பிறகு அந்தத் தூரத்துக்குள் 500-ஐச் சந்தித்தால், எவ்வளவு மெதுவாகப் போனாலும் பிரேக்தான். பொய் சொன்னதற்கு மன்னிப்பு கிடையாது. விளக்கு அணைவதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சிக்னலைப் பாருங்கள்.

இதே இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் வாங்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றுவிட்டுக் கிளம்பினால் கட்டுப்பாடு முன்பைவிடக் கடுமையாகிறது, 45-க்கு மேல் விடுவதில்லை, 500 காந்தத்தைக் கடந்திருந்தால் 25 வரை இறக்கிவிடுகிறது என்று பலர் எரிச்சலோடு எழுதுகிறீர்கள். 10 கிலோமீட்டருக்குக் கீழே 15 விநாடி ஊர்ந்தாலும் இதே கதைதான். இந்த விதி சும்மா வந்ததில்லை. 1990 பிப்ரவரி 2 அன்று ஃப்ராங்க்ஃபர்ட்டுக்குப் பக்கத்தில் ரூஸல்ஸ்ஹைம் நிலையத்தில் நின்று கிளம்பிய எஸ்-பான் ரயில் ஒன்று சிவப்பைக் கடந்துபோய் எதிரே வந்த இன்னொரு எஸ்-பான் மீது மோதியது. 17 பேர் இறந்தார்கள். பழைய முறை சிவப்பைத் தாண்டியதும் பிரேக் பிடித்தது, ஆனால் அதற்குள் வண்டி எடுத்திருந்த வேகத்துக்கு மிச்சமிருந்த தூரம் போதவில்லை. நிலையத்தில் நின்று, கதவு மூடி, மணி பார்த்துக் கிளம்பும்போது முன்பு பார்த்த மஞ்சள் மனதிலிருந்து நழுவிவிடும், அது மனித இயல்பு. டிரைவர் மறந்தாலும் அமைப்பு மறக்கக் கூடாது என்றுதான் பிஇசட்பி 90 என்ற கடுமையாக்கப்பட்ட வடிவம் உருவானது. அந்த 45-ஐச் சொல்லித்தரும்போது ரூஸல்ஸ்ஹைமையும் சேர்த்துச் சொல்லுங்கள், யாரும் மறக்க மாட்டார்கள்.

ஆரம்பநிலைக்கு பிரிட்டிஷ் தடங்கள் சுலபம் என்கிறார்களே?
_யாழ்ப்பாணம் வாசகர்_

பொத்தான் எண்ணிக்கையில் சுலபம், சரியாகக் கற்றுக்கொள்வதில் அப்படி இல்லை. அங்கே ஏடபிள்யுஎஸ் என்ற முறை. சிக்னலுக்கு சுமார் 180 மீட்டர் முன்னால் காந்தம் இருக்கும். பச்சை என்றால் மணி அடிக்கும், வேறு எதுவாக இருந்தாலும் ஹார்ன் அலறும். ஹார்ன் வந்தால் இரண்டு மூன்று விநாடிக்குள் பொத்தானை அழுத்த வேண்டும். உடனே கறுப்பும் மஞ்சளுமாக ஒரு வட்டு தெரியும், நீ எச்சரிக்கை வாங்கியிருக்கிறாய் என்று நினைவூட்ட.

இதில் உள்ள பலவீனத்தைக் கவனியுங்கள். இரட்டை மஞ்சளுக்கும் ஒற்றை மஞ்சளுக்கும் சிவப்புக்கும் ஒரே ஹார்ன்தான். நெரிசலான தடத்தில் சிக்னலுக்கு சிக்னல் ஹார்ன் வந்துகொண்டே இருந்தால் கை தானாக அழுத்தப் பழகிவிடும், மூளைக்குச் செய்தி போகாது. அழுத்திவிட்டாலோ ஏடபிள்யுஎஸ் அதற்குமேல் எதையும் பார்ப்பதில்லை. 1999 அக்டோபர் 5 அன்று லண்டன் லாட்பிரோக் க்ரோவில் ஒரு ரயில் சிவப்பைக் கடந்து எதிர்வந்த ரயிலில் மோதி 31 பேர் இறந்தார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பு சவுத்தாலில் 7 பேர் இறந்த விபத்தில், அந்த ரயிலின் ஏடபிள்யுஎஸ் துண்டிக்கப்பட்டிருந்தது. சிவப்பைத் தாண்டினாலோ, சிவப்பை நோக்கி அதிக வேகத்தில் வந்தாலோ தானே பிரேக் பிடிக்கும் டிபிடபிள்யுஎஸ் 2003 இறுதிக்குள் பிரிட்டன் முழுக்கத் தேவையான இடங்களில் பொருத்தப்பட்டது.

ஆக, பிரிட்டிஷ் தடத்தில் ஆரம்பிக்கலாம், தவறில்லை. ஹார்ன் வந்ததும் முதலில் சிக்னலின் நிறத்தைச் சொல்லிவிட்டு அதன்பிறகுதான் பொத்தான் என்று முதல் நாளிலிருந்தே கட்டாயப்படுத்திக்கொள்ளுங்கள். அதற்கு நேரம் போதும்.

ஜெர்மனியின் ஐசிஇ அதிவேக ரயிலை ஓட்ட ஆசை. நேராக எல்இசட்பிக்குப் போகலாமா?
_சிங்கப்பூர் வாசகர்_

ஓட்டலாம், ஆனால் பாடத்தை அங்கிருந்து தொடங்க வேண்டாம். தண்டவாளத்தின் நடுவே ஓடும் கேபிள் வழியாக எல்இசட்பி தொடர்ந்து பேசிக்கொண்டே இருக்கும். இலக்கு வேகத்தையும் அதற்குள்ள தூரத்தையும் கேபிலேயே காட்டிவிடும். அந்த வகையில் பிஇசட்பியைவிட எளிது. ஆனால் தடத்தில் அது முடியும் இடத்தில் 'முடிகிறது' என்ற அறிவிப்பை ஒப்புக்கொண்டு, அங்கிருந்து சிக்னலையும் பிஇசட்பியையும் நம்பித்தான் போக வேண்டும். கண் முழுக்க டயலிலேயே பழகியவர்கள் தடுமாறுவது அங்கேதான்.

நான் தமிழில் சிமுலேட்டர் பாட வீடியோக்கள் போடுகிறேன், சொந்தமாக சினாரியோவும் (கேமில் ஓட்டிப் பார்க்கும் தனிப் பயணம்) செய்கிறேன். நல்ல பயிற்சி சினாரியோ எப்படி இருக்க வேண்டும்?
_ஈரோடு வாசகர்_

உங்கள் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்துக்குத் தலைப்பே வைத்தேன். பெரும்பாலான பயிற்சிகள் என்ன செய்கின்றன? சரியாகக் காந்தத்தின் மேல் போகும்போது கேமை நிறுத்தி, பெரிய எழுத்தில் 'இப்போது இந்தக் கீயை அழுத்துங்கள்' என்று காட்டுகின்றன. ஆள் அழுத்துகிறார், பாராட்டு வருகிறது. அவர் கற்றுக்கொண்டது என்ன? சத்தம் வந்தால் அழுத்து. லண்டன் நெரிசல் தடத்தில் டிரைவர்களின் கைக்குப் பழகிப்போன அதே ஆபத்தான பழக்கத்தை முதல் பாடத்திலேயே ஊட்டிவிடுகிறோம். ஜப்பானில் 1962-ல் மிகாவாஷிமாவில் 160 பேர் இறந்த பிறகு பரவலாக வைத்த ஏடிஎஸ் முறையிலும் இதே ஓட்டை இருந்தது. மணி அடித்து 5 விநாடிக்குள் ஒப்புக்கொண்டுவிட்டால் அப்புறம் கண்காணிப்பு இல்லை. ஒப்புக்கொண்டுவிட்டுச் சிவப்பைக் கடந்த விபத்துகள் பின்னாலும் நடந்தன.

அதனால் உங்கள் சினாரியோவில் விளக்க எழுத்தைக் காந்தத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே போட்டு முடித்துவிடுங்கள். காந்தம் வரும்போது திரை காலியாக இருக்கட்டும். ஒரே தடத்தை மூன்று நான்கு தடவை ஓட்டும்படி செய்யுங்கள். ஒரு தடவை முன்னறிவிப்பு மஞ்சளாக இருந்து பிரதான சிக்னல் கடைசிவரை சிவப்பாகவே இருக்கட்டும், இன்னொரு தடவை நடுவழியில் பச்சையாக மாறட்டும், இன்னொன்றில் எல்லாமே பச்சை. முன்கூட்டி எது என்று சொல்லாதீர்கள். முன்னால் ஒரு சரக்கு ரயிலை விட்டாலே சிக்னல்கள் இயல்பாக மாறும். ஃப்ரை எப்போது அழுத்தலாம் என்பதை வேறெப்படிச் சொன்னாலும் இவ்வளவு தெளிவாகப் புரியாது.

வீடியோவில் பேசும்போது கேபை மட்டும் காட்டாமல், வெளிக் கேமராவுக்குப் போய்த் தண்டவாளத்தின் வலப்பக்கத்தில் அந்தக் காந்தம் பொருத்தியிருப்பதை நெருக்கமாகக் காட்டுங்கள். நிறைய பேர் அதைப் பார்த்ததே இல்லை. ஒரு வீடியோவுக்கு ஒரு காந்தம் போதும். வண்டி வகைகளின் அட்டவணை நான்காவது வீடியோவில் வந்தால் கூட யாருக்கும் நஷ்டமில்லை. ஜெர்மன் பெயர்களை அப்படியே சொல்லுங்கள், கேபில் அதுதான் எழுதியிருக்கும்.

இவ்வளவு இருந்தும் விபத்துகள் நடக்கின்றனவே?
_சேலம் வாசகி_

சில இடங்களில் கருவியே இல்லை. 2011 ஜனவரியில் ஜெர்மனியின் ஹார்டார்ஃபில் ஒற்றைத் தடத்தில் நேருக்கு நேர் மோதி 10 பேர் இறந்தபோது அந்தத் தடத்தில் பிஇசட்பி செயல்பாட்டில் இல்லை. சில இடங்களில் மனிதர் அதைத் தாண்டிவிடுகிறார். 2016 பிப்ரவரியில் பாட் ஐப்லிங்கில் காந்தங்கள் எல்லாம் இருந்தன, கட்டுப்பாட்டாளர் தவறாகச் சிறப்பு அனுமதி சிக்னல் கொடுத்துவிட்டார், 12 பேர் போய்விட்டார்கள். 2023 ஜூன் 2 அன்று பஹானாகா பஜாரில் சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு நேர்ந்தது இன்னொரு வகை. சிக்னல் சர்க்யூட்டில் செய்த மாற்றத்தில் தவறு நேர்ந்து, மெயின் லைனுக்குப் பச்சை காட்டியபடியே வண்டி பக்கத்துத் தடமான லூப் லைனுக்குள் திருப்பிவிடப்பட்டது. டிரைவரைக் கண்காணிக்கும் கருவி சிக்னலை நம்பித்தான் வேலை செய்கிறது. சிக்னலே தவறினால் அது காப்பாற்றாது.

நம்ம ஊர் கவச் எப்படி? கேமில் இதெல்லாம் பழகினால் லோகோ பைலட் ஆக உதவுமா?
_திருநெல்வேலி வாசகர்_

கவச் 2020-ல் நம் நாட்டின் தேசிய தானியங்கி ரயில் பாதுகாப்பு முறையாக ஏற்கப்பட்டது, ரயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பான ஆர்டிஎஸ்ஓ உருவாக்கியது. தண்டவாளத்தில் இன்ஜின் ரேடியோ அலையால் படிக்கும் ஆர்எஃப்ஐடி டேக்குகள் வைத்திருப்பதால் இன்ஜினுக்குத் தான் இருக்கும் இடம் தெரியும். நிலையங்களிலிருந்து ரேடியோ வழியாக சிக்னல் விவரம் கேபுக்கே வரும். இந்த வேகத்தில் போனால் சிவப்புக்கு முன் நிற்க முடியாது என்று கணக்கு சொன்னால் அது பிரேக் பிடிக்கும். பிஇசட்பி மூன்று இடங்களில் மட்டும் பிடித்துப் பார்ப்பதை இது விடாமல் பார்த்துக்கொண்டே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஇசட்பியை நன்றாகப் புரிந்துகொண்டவருக்கு கவச் புரிய அரை மணி நேரம் போதும். இங்கே ஏற்கெனவே ஒரு முன்னோடியும் உண்டு. ஐரோப்பிய முறையை ஒட்டிய டிபிடபிள்யுஎஸ் (பெயர் ஒன்றுதான், பிரிட்டனுடையது வேறு), சென்னை – கும்மிடிப்பூண்டி புறநகர்ப் பாதையில் 2008-லேயே வந்துவிட்டது.

வேலைக்கு உதவுமா என்றால், சிக்னலைப் பார்த்து யோசிக்கும் பழக்கமும், பயிற்சி வகுப்பில் சொல்வது சீக்கிரம் பிடிபடுவதும் கிடைக்கும். மற்றபடி உதவி லோகோ பைலட் பணிக்கு ரயில்வே தேர்வு வாரியத்தின் (ஆர்ஆர்பி) தேர்வு எழுத வேண்டும், ஐடிஐ அல்லது டிப்ளமோ போன்ற தகுதி வேண்டும். அதற்கெல்லாம் முன்னால் கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஏ-1 என்ற மருத்துவத் தரம் கேட்பார்கள், கண்ணாடி போடாமல் இரண்டு கண்ணுக்கும் 6/6 இருக்க வேண்டும், நிறக்குருடும் இருக்கக் கூடாது.